மலச்சிக்கல்: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பொது மருத்துவம் பார்க்கிறேன். தலைசுற்றல், முழங்கால் வலி, சர்க்கரை என்று எதற்கோ வந்தவர்கள், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு, குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு டாக்டர், வெளிக்குச் சரியாப் போகல" என்பார்கள். பல சமயம் வந்ததே அதற்காகத்தான் இருக்கும். பக்கத்தில் மருமகன் நிற்கிறார், பேரன் நிற்கிறான் என்று கேட்காமலே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களையும், கேட்காமல் போனவர்களுக்குச் சொல்ல நினைத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

தினமும் காலையில் போகாவிட்டால் அது மலச்சிக்கலா?

இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவரும் உண்டு, வாரத்துக்கு மூன்று முறை போகிறவரும் உண்டு. சிரமமில்லாமல் போகிறது என்றால் இரண்டுமே இயல்புதான். "நேத்துப் போகல" என்று பதறிப்போய் பேதி மாத்திரை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த மாத்திரை குடலை மொத்தமாகக் காலி செய்துவிடும். மறுபடி நிறைய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் போகவில்லையே என்று அடுத்த மாத்திரை போடுவார்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதைவிட எப்படிப் போகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். கட்டியாக இருக்கிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, போய் வந்த பிறகும் உள்ளே மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, வழியில் ஏதோ அடைத்திருப்பதுபோல் இருக்கிறதா, விரலை விட்டு எடுக்க வேண்டியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் சொல்லப் பலருக்கும் வாய் வராது. அதைச் சொன்னால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவாகப் போவதோ, இந்தத் தொல்லைகளில் இரண்டு மூன்றோ, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட மலச்சிக்கல் என்போம்.

இதைச் சொல்ல வசதியாக, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-இல் வெளியிட்ட ஒரு படம் இருக்கிறது. மலத்தை ஏழு வகையாகப் பிரித்திருப்பார்கள். முதல் வகை தனித்தனி உருண்டை, நம் ஊரில் ஆட்டுப் புழுக்கை என்று சொன்னால் உடனே புரியும். இரண்டாவது, உருண்டைகள் ஒட்டிக்கொண்ட கட்டி. இந்த இரண்டும் மலச்சிக்கல். மூன்றும் நான்கும் நல்ல நிலை. நான்காவது வகை வாழைப்பழம்போல் வழுவழுப்பாக இருக்கும். அதற்கு மேல் போகப் போக இளக்கம், ஏழாவது வெறும் தண்ணீர். "ரெண்டாம் நம்பர் டாக்டர்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். சங்கடமும் குறையும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்குள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை நீர்த்த கூழ் வந்து சேருகிறது. பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் வெளியே வரும் மலத்தில் இருக்கும் நீர் சுமார் 100, 150 மில்லிதான். வளவு முற்றத்தில் காயப்போட்ட வற்றலை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் எடுத்தால் வளையும், மூன்று நாள் கழித்து எடுத்தால் ஒடியும். மலமும் உள்ளே தங்குகிற ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் காயும்.

சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாக அசைந்து கொடுக்கும். இரவு முழுக்க ஓய்ந்திருந்த குடலுக்குக் காலை எழுந்ததும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும்தான் இந்த அசைவு பலமாக இருக்கும். மலம் மலக்குடலுக்கு வந்து சேர்ந்ததும் "இப்போது போகவேண்டும்" என்ற உணர்வு வரும். அப்போது போகாமல் அடக்கினால் சில நிமிடங்களில் அந்த உணர்வு மறைந்துவிடும். தினமும் அடக்கினால் மலக்குடல் விரிந்துகொடுக்கப் பழகிவிடும், உணர்வே மந்தமாகிவிடும். நான் பார்த்த மலச்சிக்கல்களில் பெரும்பகுதிக்குத் தொடக்கம் இந்த அடக்கல்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வீட்டில் விருந்தாளி இருக்கிறார்கள், பள்ளிக் கழிப்பறை அசுத்தம், கொல்லை வரை நடக்க முடியவில்லை. காரணம் மாறும், செய்வது ஒன்றுதான்.

சிலருக்குக் குடலின் நகர்வே மெதுவாக இருக்கும். இன்னும் சிலருக்கு மலம் வாசல் வரை வந்துவிடும், ஆனால் முக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்ளும். இவர்களுக்கு எத்தனை கீரை கொடுத்தாலும் பலன் குறைவு. தசையைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சி தேவை. பெரிய மருத்துவமனைகளில் குடல்நோய் நிபுணர்கள் அதற்கு வழி செய்வார்கள்.

நம்ம ஊர்ச் சாப்பாடுதான் காரணமா? காரம், மசாலா எல்லாம் நிறுத்தணுமா?

மிளகும் மிளகாயும் மலத்தைக் கட்டிப்படுத்தாது. ஆசனவாயில் வெடிப்போ புண்ணோ இருந்தால் காரம் எரிச்சலைக் கூட்டும், அது ஆறுகிற வரைக்கும் குறைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காலையில் இடியாப்பம் அல்லது ஆப்பம், மதியம் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும் கோழிக் குழம்பும், நாலு மணிக்கு வெள்ளைப் பணியாரம், நடுவில் டப்பாவிலிருந்து எடுத்த தேன்குழலும் சீடையும், ராத்திரி கடையில் வாங்கிய புரோட்டா என்று ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். சுவைக்குக் குறைவில்லை. ஆனால் நாள் முழுக்கச் சாப்பிட்டதில் நார்ச்சத்து சொற்பம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இருக்காது. இறைச்சியிலும் முட்டையிலும் பாலிலும் நார் என்பதே கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை தேவை.

அதற்காக ஓட்ஸ் டப்பாவைத் தேடிப் போக வேண்டாம். நம் வீட்டுப் பழைய சமையலில் இதற்கு இடம் நிறையவே இருந்தது. அரிசி களைந்த தண்ணீரில் வெண்டைக்காயையோ மொச்சையையோ போட்டு வைக்கும் மண்டி இப்போது எத்தனை வீட்டில் வாரம் ஒரு முறையாவது அடுப்பில் ஏறுகிறது? தட்டைப்பயறு, வாழைப்பூ, வாழைத்தண்டு, கொத்தவரங்காய், அவரைக்காய், முருங்கைக்கீரை, பிரண்டைத் துவையல் எல்லாம் நம்முடையவைதான். ஒரு கிண்ணம் நிறைய வெந்த தட்டைப்பயறில் ஏறக்குறைய 10 கிராம் நார் கிடைக்கும். நடுத்தர அளவுக் கொய்யா ஒன்றில் 5 கிராம் வரை. விதையோடு மென்று சாப்பிடலாம், பல் ஒத்துழைத்தால்.

கவுனி அரிசி பற்றி ஆச்சிமார்கள் கேட்பார்கள். தவிடு நீக்காத கறுப்புக் கவுனியில் வெள்ளை அரிசியைவிட நார் அதிகம், உண்மைதான். ஆனால் நாம் அதைச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கல்யாணத்தன்றைக்கு இரண்டு கரண்டி சாப்பிடுகிறோம். அந்த இரண்டு கரண்டி குடலுக்கு ஒன்றும் செய்யாது. கஞ்சியாகவோ இட்லி மாவிலோ அன்றாடச் சாப்பாட்டில் சேர்த்தால் பலன் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இன்று படித்துவிட்டு நாளையே பயறும் கீரையுமாகக் கொட்டிக்கொள்ளாதீர்கள், வயிறு ஊதிப்போகும், வாயு படுத்தும், "இந்த டாக்டர் சொன்னதைக் கேட்டது தப்பு" என்று விட்டுவிடுவீர்கள். முதல் வாரம் ஒரு பொரியல் கூட்டுங்கள், அடுத்த வாரம் ஒரு பழம், அதற்கடுத்த வாரம் பயறு. குடலுக்கு இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். வாழைப்பழம் தினமும் சாப்பிட்டும் போகவில்லை என்கிறவர்களுக்கு: நன்றாகப் பழுத்த பழமாக இருக்கட்டும். ஒரு பழத்தில் மூன்று கிராம் நார்தான், அது மட்டும் போதாது.

எவ்வளவு தண்ணீர் குடிக்கவேண்டும்?

மழையை ஊருணியில் தேக்கிவைத்துக் குடித்த வறண்ட பூமி நம்முடையது. சித்திரை, வைகாசியில் வேர்வையிலேயே எவ்வளவோ போய்விடும். இரண்டு, இரண்டரை லிட்டர் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். நீர்மோர், ரசம், கஞ்சி, பழைய சோற்று நீராகாரம் எல்லாமே கணக்கில் சேரும். இதய பலவீனமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

ஏற்கெனவே போதுமான தண்ணீர் குடிக்கிற ஒருவர் அதற்கு மேலும் குடம் குடமாகக் குடித்தால் மலம் இளகாது, சிறுநீராகப் போய்விடும். நாரோடு சேர்ந்தால்தான் தண்ணீர் மலத்தில் தங்கும். காலையில் காபி குடித்ததும் வயிறு அசைகிறது என்பது கற்பனை இல்லை, காபிக்குக் குடலைத் தூண்டும் குணம் உண்டு. அந்த ஒரு டம்ளரை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக் கழிப்பறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. நானாகவே சொல்வது அதிகம்.

நம் பெரிய வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை வீடு நீளும். கழிப்பறை கடைசியில், கொல்லையில். கட்டிய காலத்தில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லோருக்கும் கால் தெம்பாக இருந்தது. இன்று அதே வீட்டில் 75, 80 வயதில் ஒரு ஆச்சி மட்டும் இருக்கிறார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. முகப்பு அறையில் படுக்கை, கொல்லையில் கழிப்பறை, நடுவில் நாலைந்து உயரமான நிலைப்படி, பாதி வழியில் விளக்கு எரியாது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சாயங்காலம் ஆறு மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். விடியற்காலை நாலு மணிக்கு வயிறு அழைத்தால் வேலைக்காரம்மா வரட்டும் என்று அடக்கிக்கொள்கிறார். அவருக்கு நான் எந்த மருந்தை எழுதிக் கொடுத்தாலும் அது அரை வைத்தியம்தான்.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் எழுதும் முதல் மருந்து, படுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை. சுவரில் பிடித்து எழக் கம்பி, வழுக்காத தரை, இரவெல்லாம் எரியும் சின்ன விளக்கு. ஆத்தங்குடிக் கல் பார்க்க அழகு, ஆனால் ஈரமானால் வயதானவர்களின் கால் வழுக்கும், கழிப்பறைக்குள் மட்டும் சொரசொரப்பான ஓடு போடுங்கள். கட்ட முடியாதவர்கள் நடுவில் ஓட்டை வைத்த கழிப்பறை நாற்காலி வாங்கலாம், மருந்துக் கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள்.

இந்தியன் டாய்லெட் நல்லதா, வெஸ்டர்ன் நல்லதா?

குந்தி உட்காரும்போது மலக்குடலைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து, வளைந்திருக்கும் பாதை கொஞ்சம் நேராகும். அதனால் மலம் எளிதில் இறங்கும். மூட்டு நன்றாக இருப்பவர்கள் இந்திய முறையையே வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் அதில் உட்கார்ந்து எழ முடியாமல் தவிக்க வேண்டாம். வெஸ்டர்னில் உட்கார்ந்து, காலடியில் முக்கால் அடி உயரமுள்ள உறுதியான ஸ்டூல் ஒன்றை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி சற்று முன்னால் குனிந்தால் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும். வீட்டில் மணை நிறையக் கிடக்கிறதே என்று இரண்டு மூன்றை அடுக்கி வைக்காதீர்கள், சரிந்துவிடும்.

எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் உட்காரலாம்?

காலைச் சாப்பாடு முடிந்து கால் மணி, அரை மணி நேரத்துக்குள். தினமும் ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் குடல் பழகிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். செல்போனை உள்ளே கொண்டுபோவதால் அரை மணி உட்கார்ந்தே இருக்கிறார்கள், மூலத்துக்கு அது நல்லதில்லை. மூச்சை அடக்கி முக்கக் கூடாது. இதய நோயாளிகளுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். நடை, வீட்டு வேலை எல்லாம் குடலுக்கு உதவும். படுத்தே கிடப்பவர்களுக்குச் சிக்கல் கூடுவது அதனால்தான்.

நான் சாப்பிடும் மாத்திரைகளால் வருமா?

நிறையவே வரும். இரும்புச்சத்து மாத்திரை முதல் ஆள், மலம் கறுப்பாகவும் கட்டியாகவும் போகும். கால்சியம் மாத்திரை, அலுமினியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்துகள், கோடீன் உள்ள இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான வெரப்பமில் முதலிய சில மாத்திரைகள், நீர் பிரியக் கொடுப்பவை, தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள், மன அழுத்தத்துக்கும் நடுக்கவாதத்துக்கும் தரும் சில மருந்துகள் எல்லாம் இதைச் செய்யும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பலருக்கும் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்ணிடமே "இதைப் போட ஆரம்பிச்சதிலிருந்து வெளிக்குப் போகல" என்று சொல்லுங்கள், அவர் மருத்துவரிடம் சொல்வார். பெரும்பாலும் மாற்று மாத்திரை இருக்கும். இல்லையென்றால் மலமிளக்கி ஒன்றைச் சேர்த்துத் தரலாம்.

இசப்கோல், விளக்கெண்ணெய், கடுக்காய்: எதை எடுக்கலாம்?

இசப்கோல் உமி நல்ல மருந்து. இரவில் ஒன்றிரண்டு தேக்கரண்டியை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, ஊறிக் கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும், மலம் ஏற்கெனவே கல்லாக இறுகி அடைத்திருப்பவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. ஒரே இரவில் வேலை செய்யாது, இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

அதற்கு அடுத்தபடி லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற இரண்டு. குடலுக்குள் தண்ணீரை இழுத்துவைத்து மலத்தை இளக்கும். லாக்டுலோஸ் சிரப் இனிப்பாக இருக்கும், ஒன்றிரண்டு நாளில் பலன் தெரியும், கொஞ்சம் வாயு சேரலாம். மருத்துவர் சொன்னால் மாதக்கணக்கில்கூட எடுக்கலாம். மக்னீசியம் கலந்த பால்போன்ற மருந்தைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக் கூடாது. திரவ பாரஃபின் எண்ணெயைப் படுக்கையில் இருப்பவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போனால் பெரிய தொல்லை.

பைசகோடில் மாத்திரையும் நிலாவரையும் குடலைத் தூண்டி வேலை வாங்குபவை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை செய்வதால் இரவில் போடச் சொல்வோம். நிலாவரை திருநெல்வேலிச் சீமையில் விளைந்து உலகமெல்லாம் போகிற இலை, அலோபதி மருந்துகளிலும் அதுதான் இருக்கிறது. "மூலிகைதானே" என்று அளவில்லாமல் எடுத்தால் வயிறு முறுக்கும், பொட்டாசியம் குறையும். கடுக்காய்ப் பொடியும் அப்படித்தான், எப்போதாவது ஒரு முறை என்றால் சரி, தினமும் வேண்டும் என்ற நிலை வந்தால் சித்த மருத்துவரையோ எங்களையோ பாருங்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் பொடி மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

விளக்கெண்ணெய் சில மணி நேரத்தில் வயிற்றைக் கலக்கிவிடும். மாதம் ஒரு முறை பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுத்துக் குடலைச் "சுத்தம்" செய்வது நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது. அன்போடு செய்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் குடலுக்கு அப்படி ஒரு சுத்தம் தேவையில்லை. மலம் இரண்டு நாள் தங்கினால் உடம்பில் விஷம் ஏறிவிடும் என்பதும் சரியில்லை. கர்ப்பிணிகளுக்கு விளக்கெண்ணெய் கூடவே கூடாது, கர்ப்பப்பையைத் தூண்டிவிடும்.

கைக்குழந்தை மூன்று நாளாகப் போகவில்லை. வெற்றிலைக் காம்பு வைக்கலாமா?

வைக்காதீர்கள். எண்ணெய் தோய்த்த வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு இரண்டுமே அந்தப் பூப்போன்ற இடத்தைக் கிழித்தும் எரித்தும் விடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, பிறந்து ஒரு மாதம் தாண்டிய பிறகு, ஐந்தாறு நாள்கூடப் போகாமல் இருக்கும். பால் நன்றாகக் குடிக்கிறது, எடை ஏறுகிறது, போகும்போது இளக்கமாகப் போகிறது என்றால் பயம் வேண்டாம். பிறந்து 48 மணி நேரம் ஆகியும் முதல் கறுப்பு மலம் போகாத குழந்தையையும், வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தையையும் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குடலில் பிறவிக் குறை இருக்கலாம்.

இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் கதை வேறு. ஒரு நாள் கட்டியாகப் போய் வலித்திருக்கும். அடுத்த முறை வரும்போது பயந்து அடக்கும். வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்கும். பார்ப்பவர்கள் முக்குகிறது என்று நினைப்பார்கள், உண்மையில் அது அடக்குகிறது. சில வாரம் இப்படிப் போனால் உள்ளே கட்டி நிற்க, ஓரமாகக் கசிந்து ஜட்டியில் படும். "இவ்வளவு பெரிய பிள்ளை ஜட்டியிலேயே போறியா" என்று அடிக்கிறார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்தக் குழந்தைக்குத் தெரியாமலேயே கசிகிறது. மருத்துவரிடம் காட்டி, இளக்கி மருந்தை மாதக்கணக்கில் கொடுத்து, வலியில்லாமல் போகும் என்ற நம்பிக்கை வருகிற வரை தொடர வேண்டும். அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளை சோறு, காய் சாப்பிடாது, பாலைக் குறையுங்கள்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவு தருகிறார்கள், மிக நல்ல காரியம். சாப்பிட்ட அரை மணியில் வயிறு அழைக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த அரை மணியில் பிள்ளை பள்ளியில் இருக்கும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள்.

கர்ப்பத்திலும் பிள்ளை பெற்ற பிறகும்?

கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன் குடலை மந்தமாக்கும். இரும்பு மாத்திரை கட்டியாக்கும். இரும்பை நிறுத்த வேண்டாம். நாரும் தண்ணீரும் கூட்டி, தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டு இசப்கோலோ லாக்டுலோஸோ எடுக்கலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று காய்கறியை விலக்கித் தண்ணீரையும் அளந்து கொடுக்கும் வீடுகளில் தாய் படும் பாடு பெரிது. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை. பூண்டும் மிளகும் தாராளமாகக் கொடுங்கள், கூடவே கீரையும் பழமும் கொடுங்கள். தையல் பிரிந்துவிடும் என்று பயந்து அடக்குகிறாள் என்றால் முதல் வாரத்திலேயே இளக்கி மருந்து கேட்டு வாங்குங்கள்.

ரத்தம் வருகிறது. மூலம்தானே?

பெரும்பாலும் மூலமோ வெடிப்போதான். பிளேடால் கீறியதுபோல் வலித்து, கடைசியில் ஒரு கோடுபோல் ரத்தம் வந்தால் வெடிப்பு. வலியில்லாமல் சொட்டினால் உள்மூலம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இடுப்பை நனைத்து உட்கார்ந்தால் வெடிப்பின் வலி குறையும். மலம் இளகினால் பெரும்பாலான புது வெடிப்புகள் சில வாரத்தில் தாமாக ஆறும்.

ஆனால் மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயும் ரத்தமாகத்தான் காட்டும். மூலம், பவுத்திரம் என்று சுவரில் எழுதியிருக்கும் இடங்களில், படிக்காதவர் கையால் ஊசி போட்டு, ஆசனவாய் சுருங்கிப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு அறுவை மருத்துவர் விரலால் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

அப்பத்தாவுக்கு ஒரு வாரமாகப் போகவில்லை, இப்போது தண்ணீராகப் போகிறது. பேதியை நிறுத்தும் மருந்து கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். உள்ளே கல்போல் அடைத்திருக்க, அதைச் சுற்றி நீர் மட்டும் கசிந்து வரலாம். பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். இத்தகைய அடைப்பால் வயதானவர்களுக்குச் சிறுநீர் கட்டிக்கொள்ளும், புத்தி தடுமாறும், சாப்பாட்டைத் தள்ளுவார்கள். மருத்துவர் ஆசனவாய் வழியாகப் பரிசோதித்து, எனிமா கொடுத்தோ கையால் எடுத்தோ சரிசெய்வார். வீட்டில் சோப்புத் தண்ணீர் எனிமா கொடுக்க வேண்டாம்.

எப்போது மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும்?

வயிறு உப்பி, வலித்து, வாந்தி எடுத்து, வாயுவும் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். இளக்கி மருந்து எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். 45, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, மலத்தில் ரத்தம், இரும்பு மாத்திரை போடாமலே தார்போலக் கறுத்த மலம், குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே போங்கள். கொலோனாஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்து பார்க்கச் சொல்லலாம், பயப்படாதீர்கள். தைராய்டு குறைவு, சர்க்கரை, ரத்தத்தில் கால்சியம் கூடுவது, நடுக்கவாதம் ஆகியவையும் மலச்சிக்கலாக முதலில் தலைகாட்டுவதுண்டு. அதற்கெல்லாம் ரத்தப் பரிசோதனையும் ஒரு நல்ல விசாரிப்பும் போதும், அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம்.

பழனிப் பாதயாத்திரை, கல்யாண வீடு என்று போகும்போது?

தை மாதம் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடப்பவர்கள், வழியில் கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரைக் குறைப்பார்கள். குறைக்க வேண்டாம். அதிகாலை கிளம்புவதற்கு முன் எதையாவது சூடாகக் குடித்துப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடங்கள். கல்யாண வீட்டில் நாலு நாள் விருந்து என்றால் கூட்டையும் பொரியலையும் இலையில் ஒதுக்காமல் சாப்பிடுங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஆத்தாவிடம் போனில் எப்படிக் கேட்பது?

"சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். மகனிடம் சொல்லக் கூச்சப்படுவார், மகளோ மருமகளோ கேட்டால் எளிதாக இருக்கும். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் பதில் வரும். அதனால் நேராகக் கேளுங்கள்: "கடைசியா என்னைக்குப் போனீங்க? கட்டியா இருந்துச்சா? ராத்திரி எழுந்து போக லைட்டு எரியுதா?" முதல் முறை "போ, இதையெல்லாமா கேட்பாக" என்பார். அடுத்த வாரமும் கேளுங்கள். மூன்றாவது வாரம் அவராகவே சொல்லத் தொடங்குவார். ஊருக்கு வரும்போது, விமானத்தில் சாக்லேட் டப்பா சுமந்து வருவதோடு, கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தப் படுக்கையறைக் கழிப்பறைக்கு அளவெடுக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.